பாடகர் இல்லாத பாட்டுக்கும் மேடையில் இடம் விடுங்க

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் பக்கத்துக் கல்லூரிகளில் கலைவிழா நடத்தும் தம்பி தங்கைகளுக்கும், அந்த மேடைகளுக்கு ஒலி அமைக்கும் சவுண்ட் சர்வீஸ் அண்ணன்மார்களுக்கும்,

வணக்கமுங்க.

ராக் பேண்டு போட்டி என்று போஸ்டர் ஒட்டினால் தேடி வந்து நிற்கிற கூட்டம் நாங்கள். அதிலும் ஒரு கிட்டார்காரர் ஊரறிந்த பாட்டு ஒன்றை எடுத்து, பாடகரே இல்லாமல், கம்பியிலேயே பாடிக் காட்டுவதைக் கேட்கத்தான் வருகிறோம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அதை நன்றாகவே வாசிக்கிறார்கள். எங்கள் காதுக்குத்தான் அது வந்து சேருவதில்லை. பாதிக் காரணம் உங்கள் விதித்தாள். மீதிக் காரணம் மேடைக்குப் பின்னால் ஓடும் ஒயர். இரண்டையும் பெரிய செலவில்லாமல் சரிசெய்யலாம் என்பதால் இந்த மடல்.

எதைக் கேட்க வருகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். 2007 நவம்பரில், லண்டன் சோஹோவில் இருக்கும் ரோனி ஸ்காட்ஸ் என்ற சின்ன ஜாஸ் கிளப்பில் ஆங்கிலேயக் கிட்டார்காரர் ஜெஃப் பெக் சில இரவுகள் வாசித்தார். அங்கே பதிவானவற்றில் ஒன்று பீட்டில்ஸின் 'எ டே இன் த லைஃப்'. 1967இல் வந்த அசலில் லென்னன் பாடுகிறார், நடுப்பகுதியை மெக்கார்ட்னி பாடுகிறார், இடையில் 40 பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா அடிச் சுரத்திலிருந்து உச்சிவரை ஏறிக்கொண்டே போகிறது. பெக்கிடம் பாடகரும் இல்லை, ஆர்கெஸ்ட்ராவும் இல்லை. ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார், கூட டிரம்ஸ், பேஸ், கீபோர்டு. 2010இல் அந்த வாசிப்புக்கு கிராமி கிடைத்தது.

அவருடைய வலதுகையைப் பாருங்கள். பிக் (கம்பியைத் தட்டும் சின்ன வில்லை) கிடையாது, கட்டைவிரலும் மற்ற விரல்களும்தான். சுண்டுவிரல் எப்போதும் வால்யூம் குமிழின் பக்கத்தில். குமிழை மூடி வைத்துக் கம்பியைத் தட்டி, தட்டின பிறகு திறந்தால், தட்டிய சத்தம் மறைந்து சுரம் மட்டும் உள்ளிருந்து எழுந்து வரும். சுரத்தை அசைக்கிற ட்ரெமோலோ தண்டு உள்ளங்கைக்குள்ளேயே இருக்கும். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜைக் கிட்டார் உடம்போடு ஒட்டாமல் மிதக்கிற மாதிரி வைத்திருப்பதால் சுரத்தைக் கீழேயும் இறக்கலாம், கொஞ்சம் மேலேயும் ஏற்றலாம். கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. லென்னன் பாடும் வரிகளை அடக்கமாகச் சொல்லி, ஆர்கெஸ்ட்ரா ஏறும் இடத்தில் பேண்டு முழுவதையும் அவிழ்த்து விடுகிறார். மெல்லிய இடத்துக்கும் உச்சத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் அந்த வாசிப்பே. அந்தத் தூரத்தைச் சுருக்கிவிட்டால் கேட்க ஒன்றும் மிஞ்சாது. நம் மேடைகளில் நடப்பது அதுதான்.

விதித்தாளுக்கு வருவோம். 'பாடகர் ஒருவர் கட்டாயம்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். அப்புறம் மதிப்பெண் பட்டியலில் 'அசலுடன் ஒற்றுமை' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கே முட்டைதான் விழும். 1967 ஜூன் 4 அன்று லண்டன் சேவில் தியேட்டரில் அவர் நிகழ்ச்சியைத் தொடங்கியதே பீட்டில்ஸின் 'சார்ஜண்ட் பெப்பர்ஸ்' தலைப்புப் பாட்டோடு. ஆல்பம் கடைக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மெக்கார்ட்னியும் ஹாரிசனும் பார்வையாளர் வரிசையில் இருந்தார்கள். அசலில் இருந்த பித்தளை வாத்தியங்கள் எதுவும் ஹெண்ட்ரிக்ஸிடம் இல்லை, மூன்று பேர் பேண்டு. எழுதியவர் குறைபட்டுக்கொள்ளவில்லை. பின்னாளில் மெக்கார்ட்னி அதைத் தனக்குக் கிடைத்த பெரிய மரியாதையாகவே சொல்லி வந்தார்.

அந்தக் கட்டத்துக்குப் பதிலாக நடுவர் கவனிக்க வேண்டியவை வேறு இருக்கின்றன. பாடகரின் மெட்டு எந்த இடத்திலும் தொலையாமல் வருகிறதா? இரண்டாவது சரணம் முதல் சரணத்தின் நகலாக இல்லாமல் ஏதாவது சேர்த்துச் சொல்கிறதா? கம்பியை வளைக்கும்போது சுரம் சரியான இடத்தில் போய் நிற்கிறதா? முழுச் சுரம் வளைத்தால், இரண்டு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டை) தள்ளி அழுத்தினால் வரும் அதே சுரத்தைத் தொட வேண்டும். கொஞ்சம் குறைந்து நின்றாலும் பாட்டு அழுகிற மாதிரி இருக்கும். வேகமாக வாசிப்பவருக்குக் கைதட்டு தானாகவே வந்துவிடும், நடுவர் அதில் சேர வேண்டாம்.

நேர விதியையும் பாருங்கள். வாசிக்க எட்டு நிமிடம், அமைத்துக்கொள்ள இரண்டு நிமிடம் என்று போடுகிறீர்கள். குறும்படத்துக்கோ நாடகத்துக்கோ அது போதும். கிட்டார் பெடல் (ஒலியை மாற்றும் காலடிப் பெட்டி), ஆம்ப், மைக், வாசிப்பவருக்குக் கேட்கும் மானிட்டர் ஸ்பீக்கர் எல்லாம் இரண்டு நிமிடத்தில் ஆகாது. டிரம்ஸ், பேஸ் ஆம்ப், ஒரு கிட்டார் ஆம்ப் மூன்றையும் எல்லாப் பேண்டுக்கும் பொதுவாக மேடையில் நிரந்தரமாக வைத்துவிட்டு, பேண்டுகள் கிட்டாரும் பெடலும் மட்டும் கொண்டு வரட்டும் என்று சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடியும். மேடைப்படமும் இன்புட் லிஸ்ட்டும் முந்தின நாளே வாங்கிவிடுங்கள். யார் எங்கே நிற்கிறார், எந்தச் சானலில் எது வருகிறது, எந்தப் பாட்டில் எந்த இடத்தில் கிட்டார் தனியாக வருகிறது, இவ்வளவையும் ஒரே தாளில் எழுதலாம்.

இனி அண்ணன்மார்களுக்கு.

மெல்லிசைக் கச்சேரி கலந்து பழகிய கைக்கு கிட்டார் ஒரு பக்கவாத்தியம். பாட்டுச் சானல் மேலே, கிட்டார் ஃபேடர் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுபிடி) பாதியில். பாடகரே இல்லாத பாட்டிலும் அந்த ஃபேடர் அங்கேயே நிற்பதை நிறைய இடத்தில் பார்க்கிறோம். இப்படிப்பட்ட பாட்டில் கிட்டார்தான் பாட்டுச் சானல். கீபோர்டுக்கு மேலே தெளிவாக நிற்கிற அளவில் வைத்துத் தொடங்குங்கள், தனி வாசிப்பு வரும்போது இன்னொரு 3 டெசிபல் ஏற்றுங்கள்.

அடுத்தது நாய்ஸ் கேட். ஒலி ஒரு அளவுக்குக் கீழே போனால் சானலை மூடிவிடுகிற சாமான் அது. டிரம்ஸுக்கு நல்லது. ஆனால் குமிழைத் திறந்து ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எழுப்புகிற சுரத்தின் முதல் பாதியை கேட் விழுங்கிவிடும். பிறகு பட்டென்று கதவைத் திறந்த மாதிரி மீதிச் சுரம் வந்து விழும். வாசிப்பவர் பிசகிவிட்டார் என்று கூட்டம் நினைக்கும். கிட்டார் சானலில் கேட் வேண்டாம். மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் உள்ள இடைவெளியைச் சுருக்குகிற கம்ப்ரெஸரும் இரண்டுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் இறுக்கினால் மெல்லிய இடம் மேலே ஏறி, உச்சம் கீழே இறங்கி, இரண்டும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும்.

ஆம்ப் இருந்தால் மைக் வையுங்கள். ஷ்யூர் எஸ்எம்57 போன்ற சாதாரண டைனமிக் மைக் போதும். ஸ்பீக்கர் துணியிலிருந்து இரண்டு விரல் தூரம். கூம்பின் நட்ட நடுவில் வைத்தால் ஊசி மாதிரி குத்தும், ஓரத்துக்குப் போனால் மங்கும். நடுவில் இருக்கும் மூடி முடிகிற விளிம்பில் வைத்துத் தொடங்கி, ஒரு விரல் அப்படி இப்படி நகர்த்திக் கேளுங்கள். ஈக்யூவில் கால் மணி நேரம் திருகிக் கிடைப்பதைவிட எச்சாகவே கிடைக்கும். 15 வாட் வால்வ் ஆம்ப் தாராளம். 100 வாட் ஆம்பைக் கேட்டு அடம் பிடிக்கிற தம்பிகளிடம், மைக் வைத்த பிறகு சத்தம் மிக்ஸரிலிருந்து போகிறது என்று எடுத்துச் சொல்லுங்கள். ஆம்பைத் தரையில் வைத்தால் அது வாசிப்பவரின் கெண்டைக்காலுக்குத்தான் கேட்கும். நாற்காலியில் ஏற்றியோ பின்னால் சாய்த்தோ அவர் காதைப் பார்க்க வையுங்கள், சத்தத்தைக் கூட்டச் சொல்லிக் கை காட்டுவது நின்றுவிடும்.

ஆம்ப் இல்லாமல் நேரே மிக்ஸரில் சொருகுவதுதான் பெரிய கேடு. கிட்டார் பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) 10 லட்சம் ஓம் அளவில் இன்புட் வேண்டும். மிக்ஸரின் லைன் இன்புட் பொதுவாகப் பத்தாயிரத்துச் சொச்சம். அதில் கொடுத்தால் மேல் சுரமெல்லாம் செத்துவிடும், நடுவில் ஆக்டிவ் டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி) ஒன்று வையுங்கள். டிஸ்டார்ஷன் பெடல் போட்டு நேரே கொடுத்தால் நேர் எதிர்: டின்னுக்குள் வண்டு அடைத்த சத்தம். கிட்டார் ஆம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதையும் வெளியே விடாது. உங்கள் பிஏ ஸ்பீக்கர் எல்லாவற்றையும் விடும். ஆகவே ஆம்ப் ஸ்பீக்கர் மாதிரியே ஒலியை வடிகட்டுகிற கேபினட் சிமுலேஷன் உள்ள மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் வேண்டும், அதுவும் ஆன் செய்யப்பட்டிருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் 5,000க்கு மேலே வெட்டிவிடுங்கள். கிட்டாரிலிருந்து முதல் பெடல் வரை ஒயர் 6 மீட்டருக்குள் இருக்கட்டும். நீளம் கூடக்கூடக் கூர்மை போகும்.

எர்த் விஷயம். மோட்டாரும் பம்ப்செட்டும் செய்து நாடு முழுக்க அனுப்புகிற ஊருக்கு எர்த் பற்றிச் சொல்லித்தருவது எங்களுக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. இருந்தாலும் மேடையில் உறுமல் வந்தால் முதலில் நடப்பது ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றுவதுதான். உறுமல் போகும். ஆபத்து வரும். கிட்டார் கம்பிகள் ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை, மைக்கின் உலோகக் கூடு மிக்ஸரின் எர்த்தோடு இணைந்தது. இரண்டுக்கும் நடுவில் வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால், கம்பியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் உதடு படுகிற ஆளின் வழியாகத்தான் அது பாயும். மேடை ஆம்ப், பெடல், மிக்ஸர் மூன்றுக்கும் ஒரே விநியோகப் பெட்டியிலிருந்து, ஒரே ஃபேஸிலிருந்து (மும்முனை மின்சாரத்தின் ஒரு முனை), ஒரே எர்த்தில் லைன் கொடுங்கள். லைட்டும் எல்இடி திரையும் வேறு ஃபேஸில் போகட்டும். ஜெனரேட்டர் வண்டி என்றால் எர்த் ராடு மண்ணில் அடித்திருக்கிறதா, நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா என்று லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லட்டும். அப்புறமும் உறுமினால் டிஐ பாக்ஸில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டுங்கள். அது சிக்னல் ஒயரின் எர்த்தை மட்டும்தான் பிரிக்கும், உயிரைக் காக்கிற எர்த் அப்படியே இருக்கும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) கிட்டாருக்கு எல்இடி திரையின் பக்கத்தில் எப்போதும் இரைச்சல் எச்சு. சவுண்ட் செக்கின்போது வாசிப்பவர் மெதுவாகச் சுற்றிப் பார்த்து, இரைச்சல் அடங்குகிற இடத்தில் தரையில் டேப் ஒட்டிக்கொள்ளலாம்.

வாசிக்கும் தம்பி தங்கைகளுக்கும் இரண்டு வார்த்தை. பெடல்கள் பெரும்பாலும் 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். பக்கத்தில் கிடக்கிற கீபோர்டு அடாப்டரை எடுத்துச் சொருகாதீர்கள், முனை மாறினால் பெடல் போய்விடும். புதுக் கம்பியை முந்தின நாளே போட்டு, இழுத்து இழுத்து ட்யூன் செய்து அடக்கி வையுங்கள். ஏசி அறையிலிருந்து லைட் சூட்டுக்கு வந்ததும் கம்பி தளர்ந்து சுரம் இறங்கும், ஆகவே கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து மேடைப் பக்கத்தில் 20 நிமிடமாவது வைத்திருந்து பிறகு ட்யூன் செய்யுங்கள். ட்ரெமோலோ போட்டதும் சுரம் திரும்பி வராவிட்டால் குற்றம் பெரும்பாலும் நட்டில், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளக் கட்டையில். கம்பியைத் தூக்கி, அந்தப் பள்ளத்தில் பென்சில் முனையால் நாலு தேய்ப்பு தேய்த்தால் கம்பி சிக்காமல் வழுக்கும். மிதக்கும் பிரிட்ஜில் ஒரு கம்பி அறுந்தால் பின்னால் இருக்கும் ஸ்பிரிங் இழுத்து மற்ற ஐந்தும் மேலே ஏறிவிடும், அந்தப் பாட்டை அதில் முடிக்க முடியாது. இன்னொரு கிட்டார் அதே ட்யூனிங்கில் ஸ்டாண்டில் இருக்கட்டும். பக்கத்துப் பேண்டிடம் இரவல் வாங்கினாலும் சரி.

மற்றவை சுருக்கமாக. சொந்தக் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் மட்டும் கேட்கும் நிகழ்ச்சியில் மாணவர்கள் வாசிப்பதற்கு 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் விலக்கு தருகிறது. வெளியாட்களுக்கு டிக்கெட் விற்றால் அந்த விலக்கை நம்பாமல் பாட்டு இயற்றியவர்களின் உரிமையைக் கவனிக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பிடம் லைசென்ஸ் கேளுங்கள். மேடை லைசென்ஸ் இருப்பதாலேயே வீடியோவை இணையத்தில் ஏற்றிவிட முடியாது, அது தனி அனுமதி. ஏற்றும்போது இயற்றியவர் பெயரையும், யாருடைய வாசிப்பைப் பின்பற்றியது என்பதையும் எழுதுங்கள். கேமராக்காரரை வலதுகையைப் பிடிக்கச் சொல்லுங்கள், முகத்தைப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசுகிற மாதங்களில் திறந்த மைதானத்தில் நடத்தினால் மைக்குகளுக்கு நுரை உறை போடுங்கள்.

கடைசியாக, குத்துவிளக்கு. திறந்தவெளி ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி கெடு என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. ஐந்து மணிக்கு என்று போட்ட விழா ஆறரைக்குத் தொடங்கி, ஒவ்வொரு விருந்தினருக்கும் பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் எட்டு ஆகிவிடும். பிறகு நேரமில்லை என்று வெட்டுப்படுவது சவுண்ட் செக்கும் கடைசிப் பேண்டும். பொன்னாடை அத்தனையையும் வேண்டாம் என்று சொல்லவில்லைங்க. சவுண்ட் செக்கை மதியம் மூன்று மணிக்கு, விருந்தினர் கார் வளாகத்துக்குள் நுழைவதற்கு முன்பே, பேண்டுக்கு 20 நிமிடம் வீதம் முடித்துவிடுங்கள். மிக்ஸரில் அந்த அமைப்பைச் சேமித்து வைக்கலாம். பழைய அனலாக் மிக்ஸர் என்றால் ஒவ்வொரு பேண்டு முடிந்ததும் குமிழ்களை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

இப்படிக்கு,
கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கத்துக் கிட்டார் ரசிகர்கள்