முதலாவதாய் எடுத்த பெடியன்

மொன்றியல்
17.07.2022

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் சுகத்துக்கு நல்லூரானை வேண்டுகிறேன்.

அப்பா, நீங்கள் சித்திரைக் கடைசியில் எழுதிய கடிதம் ஆனியில்தான் கைக்கு வந்தது. வந்ததும் ஒரு மாதம் மேசையிலேயே கிடந்தது. வேலை என்று சாட்டுச் சொல்லலாம். நீங்கள் கேட்ட கேள்விக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டேன் என்பது உண்மை. அதற்குக் கடைசியில் வருகிறேன். ரெலிபோனில் உங்களுக்குக் காது கேட்பதில்லை, அம்மா ஃபோனைக் கையில் வாங்கியதுமே அழத் தொடங்கிவிடுகிறா. ரொறன்ரோ மாமாவின் மகன் அடுத்த கிழமை கொழும்புக்கு வருகிறான். இந்தக் கடிதத்தையும் உங்கள் கண் மருந்தையும் அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

போன கிழமை முழுக்க இங்கே ரீவியில் இலங்கைதான். சனாதிபதி மாளிகை நீச்சல் தடாகத்தில் பெடியங்கள் குதித்துக் குளிப்பதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மேல்வீட்டுக் கிழவர் அதைப் பார்த்துவிட்டு, "உங்கள் நாட்டு ஆட்கள் நன்றாக நீந்துகிறார்கள்" என்றார். பகிடியா, பாராட்டா என்று தெரியவில்லை. பெரியண்ணை நெல்லியடியில் பெற்றோலுக்கு இரண்டு நாள் வரிசையில் நின்றார் என்று அக்கா வொய்ஸ் அனுப்பியிருந்தா. அம்மாவை அடுப்படியில் விறகோடு கஷ்டப்படவிடாதீர்கள். காசு அனுப்பியிருக்கிறேன். டொலர் ஏறிவிட்டதால் ரூபாயில் வழமையைவிடக் கூடவே வரும்.

கிழவர் யார் என்று கேட்பீர்கள். ஜூலை முதலாம் தேதி இங்கே பாதி ஊர் வீடு மாறும். ரோட்டெல்லாம் கட்டிலும் மெத்தையும்தான். நானும் மாறினேன். பழைய வீடு எனக்குத் தேவைக்கு மிஞ்சின பெரிது. இது நிலத்துக்குக் கொஞ்சம் கீழே, சின்னது, கூட்டித் துடைக்கப் பத்து நிமிடம் காணும். வெயிலுக்கு நல்ல குளிர்மை. ஜன்னலால் பார்த்தால் போகிற ஆட்களின் சப்பாத்துத் தெரியும். காரையும் விற்றுவிட்டேன், நடப்பது உடம்புக்கு நல்லது என்று டொக்ரர் சொல்கிறார்தானே.

என் ஃபிரிஜ்ஜை இறக்கும்போது கேட்காமலே வந்து ஒரு பக்கம் பிடித்தவர்தான் இந்த முசியே. இங்கே ஆம்பிளையளை அப்படித்தான் கூப்பிடுவது. எழுபத்தைந்து வயதிருக்கும். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். அன்றைக்கே பூட்டின் என்று ஒரு சாப்பாடு கொண்டுவந்து தந்தார். பொரித்த உருளைக்கிழங்குக்கு மேலே சீஸ் கட்டி, அதற்கு மேலே சுடச்சுட ஒரு குழம்பு. உப்பும் கொழுப்பும்தான். நான் உங்கள் மிளகாய்த்தூளைத் தூவிச் சாப்பிட்டேன். அவரும் ஒரு கரண்டி எடுத்து, கண்ணால் தண்ணி வடிய வடிய முடித்தார். அதுக்குப் பிறகு சிநேகிதம்.

இனிப் புதினத்துக்கு வருகிறேன். இந்த ஊரின் ஹொக்கிப் பைத்தியம் பற்றி முந்தியும் எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் தரையில் விளையாடுகிற ஹொக்கி இல்லை, பனிக்கட்டியில் சறுக்கிக்கொண்டு றப்பர் வட்டை அடிக்கிறது. கனேடியன்ஸ் என்பது ஊர் அணியின் பெயர். இந்த விளையாட்டின் பெரிய பரிசான ஸ்ரான்லி கிண்ணத்தை 24 தரம் வென்றவர்கள், கடைசியாக வென்றது 1993இல். போன வருடம் எப்படியோ இறுதி ஆட்டம்வரை போய், ஜூலை 7ஆம் தேதி ராம்பாவிடம் தோற்றார்கள். அடுத்த பருவத்தில் 32 அணிகளில் கடைசி. 82 ஆட்டத்தில் 55 புள்ளி. வாசிகசாலையில் இப்படி நடந்திருந்தால் செயலாளரை மாற்றியிருப்பீர்கள். இங்கேயும் மாற்றினார்கள்.

கடைசியாக வந்ததில் ஒரு லாபம் உண்டு. ஒவ்வொரு வருடமும் பதினெட்டு வயதுப் பெடியங்களை அணிகள் வரிசையாகத் தெரிவு செய்யும். ட்ராஃப்ற் என்பார்கள். தோற்றவர்களுக்கு முன்வரிசை. அதிலும் முதலிடம் யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பார்ப்பார்கள். போன பந்தியில் கடைசியாய் இருந்தவனுக்கு இந்தப் பந்தியில் முதல் இலை. சீட்டும் மொன்றியலுக்கு விழுந்தது. தெரிவு நாளும் இங்கேதான், அணியின் அரங்கான பெல் சென்ரரில். தேதியைக் கேளுங்கள்: அதே ஜூலை 7.

ரிக்கெற் வாங்கிப் போகவில்லை. ரீவியில்தான் எல்லாம் வடிவாகத் தெரியும். முசியே தன் ரீவியை ஜன்னலோடு திருப்பி வைத்துவிட்டு பல்கனியில் கதிரை போட்டார். இங்கே வீடுகளுக்கு வெளியே இரும்பில் சுருள் படி இருக்கும், நான் அதன் மூன்றாம் படியில் கச்சான் பொட்டலத்தோடு இருந்தேன். அவரின் மகளின் மகன், பதினாறு வயது, நெற்றி முழுக்கப் பரு, போனும் கையுமாய் மேல்படியில்.

மூன்று வருடமாக எல்லோரும் ஷேன் ரைற் என்ற பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒன்ராறியோப் பெடியன். பதினைந்து வயதிலேயே விசேஷ அனுமதி கொடுத்துப் பெரிய பெடியங்களோடு விளையாட விட்டார்கள். கிங்ஸ்ரன் அணிக்காக இந்த வருடம் 63 ஆட்டத்தில், அடித்த கோலும் அடிக்க உதவிய கோலும் சேர்த்து, 94 புள்ளி. நடுவில் விளையாடுகிறவன், அணிக்கு வேண்டியதும் நடு ஆள். முசியே அவன் பக்கம். பேரன் சொன்னது ஸ்லோவாக்கியாப் பெடியன், யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி. கோஷித்சே என்ற ஊரில் பிறந்தவன், ஆறடி நாலங்குலம். பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 7 ஆட்டத்தில் 7 கோல், சிறந்த வீரர் பரிசு. ஸ்லோவாக்கியாவுக்கு ஒலிம்பிக் ஹொக்கியில் முதல் பதக்கமும் அதுதான்.

"ஒலிம்பிக் இரண்டு கிழமைத் திருவிழா" என்றார் முசியே. "பின்லாந்தில் பருவம் முழுக்க என்ன கிழித்தான்? 31 ஆட்டத்தில் 5 கோல்."

"அது வளர்ந்த ஆம்பிளையளின்ர லீக், தாத்தா. இவனுக்குப் பதினேழு வயது. களத்தில் எத்தனை நிமிடம் விட்டார்கள் என்று பாருங்கள்."

"தோளைப் பார்த்து ஆள் எடுக்கிறது மரம் ஏற்றுகிறவன் செய்கிற வேலை."

இப்படியே போனது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வாசிகசாலை வாங்கில் இருக்கிற மாதிரி. கரப்பந்துக்கு ஆள் எடுக்கிற அன்று உதயன் பேப்பரைச் சுருட்டி வைத்துக்கொண்டு நீங்களும் குஞ்சியப்புவும் பிடிக்கிற சண்டை. மொழி மட்டும்தான் வேறு.

அணி மேலாளர் கென்ற் ஹியூஸ் மேடைக்கு வந்து ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் பெயரைச் சொன்னார். பேரன் துள்ளினான், படி முழுக்க ஆடியது, என் கச்சான் கீழே ரோட்டில். முசியே பியர் ரின்னைக் கம்பியில் வைத்துவிட்டு, மெதுவாக, "1980" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பிறகு பேரன் விளங்கப்படுத்தினான். இந்த அணிக்கு முதலாவது தெரிவு இதற்கு முன் கடைசியாகக் கிடைத்தது 1980இல். டெனி சவார் என்று மொன்றியலிலேயே வளர்ந்த பிரெஞ்சுப் பெடியன் கண்ணுக்கு முன்னால் நின்றான். அவனை விட்டுவிட்டு டக் விக்கன்ஹைசரை எடுத்தார்கள். சவார் சிக்காகோவுக்குப் போய்ப் பெரிய ஆளானான். விக்கன்ஹைசரை இந்த ஊர் போட்டு வறுத்தெடுத்தது. பாவம், வாங்கினவனின் பிழைக்கு அகப்பட்டவன் பெடியன். நாற்பத்திரண்டு வருடத்துக்கு முந்திய காயத்தை நேற்றுப் பட்டதுபோல் வைத்திருக்கிறார்கள். 1971இல் முதலாவதாய் எடுத்த கீ லஃப்லேர் தெய்வமானார். அவர் இந்தச் சித்திரையில் செத்தபோது பெல் சென்ரரில் வைத்த உடலுக்கு முசியே முழங்கால் நோவோடு வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தவர். இரண்டில் எது நடக்கும் என்பதுதான் இப்போது ஊருக்குள்ள கவலை.

ஷேன் ரைற் நாலாவதாகத்தான் போனான், சியாற்றிலுக்கு. மேடையில் ஏறும்போது மொன்றியல்காரர் மேசையை முறைத்துப் பார்த்தான் என்று ஒரு கதை. தான் அப்படிப் பார்க்கவில்லை என்கிறான் ரைற். முசியே அந்த ஒரு பார்வையை வைத்தே பத்து நாளாய் வாதாடுகிறார். பேக்கரியில், பஸ் தரிப்பில், ஜோன்-ரலோன் தெருவில் எங்கள் ஆளின் மீன்கடையில்கூட இதே கதை. மீன்கடைக்காரர் ரைற் கட்சி. நடு ஆள் இல்லாமல் வீடு நிற்குமோ என்கிறார். வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டே.

என்னைக் கேட்டால், நான் பேரன் பக்கம். ஸ்லாஃப்கோவ்ஸ்கி பின்லாந்தில் விளையாடிய துர்க்கு அணியிலிருந்துதான் முந்தி கனேடியன்ஸ் தலைவராய் இருந்த சாக்கு கோய்வுவும் வந்தவர். 2002 சித்திரையில் புற்றுநோயிலிருந்து தேறி அவர் களத்துக்குத் திரும்பிய இரவு நான் சாப்பாட்டுக்கடைக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். முழு அரங்கும் எழும்பி நின்று கைதட்டி முடிய எட்டு நிமிடம் எடுத்தது. முதலாளி ரீவிச் சத்தத்தைக் கூட்டிவிட்டு எங்களையும் வெளியே கூப்பிட்டார். ஈரக்கையோடு நின்றேன். இந்த ஊரில் எனக்கு ஒட்டிக்கொண்ட முதல் விஷயம் அதுதான்.

ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். அந்த இரவிலேயே 26ஆவது தெரிவாக மொன்றியல் இன்னொரு ஸ்லோவாக்கியாப் பெடியனை எடுத்தது, பிலிப் மேஷார். இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்தே கூட்டாளிகள். முதலாவதாய் எடுத்தபோது மரியாதையாய்ச் சிரித்துக்கொண்டு நின்ற அந்த நெடுவல், கூட்டாளியின் பெயரைக் கேட்டதும் சின்னப் பிள்ளை மாதிரிச் சத்தம் போட்டான். முசியே அந்த நேரம் உள்ளே ஒன்றுக்குப் போயிருந்தார். பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கீழே என் அறைக்கு வந்து லைற் போடாமல் கொஞ்ச நேரம் இருந்தேன்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். 2000ஆம் ஆண்டு எங்கள் விறாந்தையிலும் ஒரு தெரிவு நடந்தது. குஞ்சியப்பு, பெரியம்மா, ஏஜென்சிக்காரன், எல்லோரும் இருந்தீர்கள். ஒரு ஆளுக்குத்தான் காசு. பெரியண்ணை எல்லாப் பரீட்சையிலும் முதல், அவரை அனுப்பினால் கட்டாயம் பிழைப்பார் என்றார் குஞ்சியப்பு. "சின்னவனுக்கு உடம்பு இருக்கு, குளிரைத் தாங்குவான்" என்றது நீங்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். இருபத்திரண்டு வருடமாகக் குளிரைத் தாங்குகிறேன் அப்பா. நீங்கள் எடுத்தது சரியா பிழையா என்று ஒருநாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நாலைந்து வருடத்தில் ஸ்லாஃப்கோவ்ஸ்கிக்குத் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

சரி, அதை விடுங்கள். மழைக்காலம் வந்தால் இப்படித்தான் என்று எழுதுவேன், இங்கே மழையும் இல்லை.

இனி உங்கள் கேள்வி. அக்காவின் மூத்தவனை அனுப்புவதா, இளையவனையா, கிணற்றடிக் காணியை ஈடு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். காணியை ஈடு வைக்கவேண்டாம். உறுதியை அலுமாரியை விட்டு வெளியே எடுக்கவே வேண்டாம். இப்போது ஏஜென்சிக்காரர் சொல்கிற தொகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. கப்பலில் ஏற்றிவிடுகிறோம் என்று சொல்கிறவனை வீட்டு வாசலில் இருத்திக் கதைக்கவும் வேண்டாம். மூத்தவன் தொழில்நுட்பக் கல்லூரிப் படிப்பை முடிக்கட்டும், அதற்குள்ள செலவை நான் மாதம் மாதம் அனுப்புகிறேன், ஐந்தாம் தேதிக்கு முன் வரும். இளையவனுக்கு இன்னும் பரீட்சை இருக்கிறது. அதற்குப் பிறகும் ஒருவன் போகத்தான் வேண்டுமென்றால், முதலில் இரண்டு பேரையும் விறாந்தையில் முன்னால் இருத்தி, போக விருப்பமா என்று கேளுங்கள். கதவுக்குப் பின்னால் நிற்கவிட வேண்டாம். குஞ்சியப்புவை அன்றைக்குக் கூப்பிடவேண்டாம், அவர் தன் தீர்ப்போடுதான் வருவார்.

அக்காவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். கோபிப்பா, பரவாயில்லை. பெரியண்ணையிடம் கிழக்கு வேலியை மாரிக்கு முன் அடைக்கச் சொல்லுங்கள், கதியால் காணாவிட்டால் தகரம் போடட்டும். கண் மருந்து இரவில் ஒரு துளிதான், திறந்து ஒரு மாதத்துக்குப் பிறகு பாவிக்கக்கூடாது. அம்மாவின் முழங்காலுக்குப் பூசுகிற மருந்தும் அதே பையில் இருக்கிறது, பச்சை மூடி. நல்லூர்த் திருவிழாவுக்குப் போனால் என் பெயரிலும் ஒரு அர்ச்சனை.

மாமாவின் மகன் திரும்பி வரும்போது அவனிடம் இரண்டு கிலோ மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள், வறுத்து இடித்தது. ஒரு கிலோ எனக்கு. மற்றது மேல்வீட்டுக்கு.

அன்புடன்,
உங்கள் சின்னவன்