அயர்லாந்து வெள்ளிக் காசுகள்: மெய்யும் போலியும் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஒரு பக்கம் யாழும் மறுபக்கம் குதிரையோ சால்மன் மீனோ காளையோ பொறித்த பழைய அயர்லாந்துக் காசுகளைக் கொண்டுவந்து, "இது வெள்ளிதானா?" என்று கேட்பவர்கள் நம் கடையில் பலர். அந்தக் கேள்விக்குத் தராசும் ஒரு கிண்ணம் தண்ணீருமே பதில் சொல்லிவிடும். ஆனால் உலோகம் அசல் வெள்ளியாக இருந்தும் காசு போலியாக இருக்கக்கூடும் என்பதால், இவ்விரண்டையும் நாங்கள் தனித்தனியாகவே சோதிக்கிறோம்.

கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ் தலைமையிலான குழு தேர்ந்தெடுத்த சிற்பி பெர்சி மெட்கால்ஃபின் வடிவங்களைக் கொண்டு 1928-இல் இந்தக் காசு வரிசை வெளிவந்தது. குதிரை பொறித்த அரைக்கிரவுனிலும் சால்மன் பொறித்த ஃப்ளோரினிலும் 1943 வரையும், காளை பொறித்த ஷில்லிங்கில் 1942 வரையும் 75 விழுக்காடு வெள்ளி இருந்தது. 1951 முதல் அதே அளவிலும் அதே எடையிலும் செம்பு-நிக்கல் கலவையில் அச்சிட்டார்கள். ஆகவே 32.3 மில்லிமீட்டர் அகலமுள்ள அரைக்கிரவுன் 14.14 கிராம் எடை காட்டுகிறது என்பதை மட்டும் வைத்து அதை வெள்ளி என்று முடிவு செய்ய இயலாது.

அடுத்த படி தண்ணீர்ச் சோதனை. நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் தராசின் மேல் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுவதுமாக மூழ்கவிடுகிறோம். தேயாத வெள்ளி அரைக்கிரவுன் என்றால் தராசு ஏறக்குறைய 1.4 கிராம் காட்டும். செம்பு-நிக்கல் என்றால் 1.6-ஐ நெருங்கும். காசின் எடையை இந்த எண்ணால் வகுத்தால் வெள்ளிக் காசுக்கு 10-ஐ ஒட்டியும், மற்றதற்கு 9-ஐ ஒட்டியும் விடை வரும். தேய்ந்த காசுக்கும் இந்தக் கணக்கு மாறாது என்பதால், உரைகல்லிலோ அமிலத்திலோ காசைப் புண்படுத்துவதைக் காட்டிலும் இதையே நாங்கள் விரும்புகிறோம்.

காந்தத்தைப் பலரும் அளவுக்கு மீறி நம்புகிறார்கள். செம்பும் பித்தளையும் காந்தத்தில் ஒட்டாதவை. எனவே ஒட்டவில்லை என்பது வெள்ளிக்குச் சான்றாகாது. மறுபுறம், முயல் பொறித்த மூன்று பென்னியும் வேட்டைநாய் பொறித்த ஆறு பென்னியும் 1928 முதல் 1940 வரை தூய நிக்கலில் அச்சானவை. அவை காந்தத்தில் ஒட்டுவதே இயல்பு. ஒட்டிவிட்டது என்பதற்காக அவற்றைக் கள்ளக் காசு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

எங்களை மிகவும் கவலைப்பட வைப்பது 1943 என்ற ஆண்டுதான். அவ்வாண்டின் ஃப்ளோரின்களும் அரைக்கிரவுன்களும் பெரும்பாலும் உருக்கப்பட்டுவிட்டதால், எஞ்சியவை மிக அரிது. ஃப்ளோரினில் சில பத்துக் காசுகளே அறியப்பட்டுள்ளன. இந்த அருமையால் கிடைக்கும் உயர்ந்த விலையைக் குறிவைத்து, எளிதில் கிடைக்கும் 1942 போன்ற ஆண்டுக் காசின் கடைசி இலக்கத்தைச் செதுக்கியோ ஒட்டுவைத்தோ மாற்றிவிட முடியும். அடிக்காசு அசல் வெள்ளி என்பதால் தராசு, தண்ணீர், காந்தம் மூன்றிலும் அது தேறிவிடும். எனவே யாழுக்கு வலப்புறம் உள்ள ஆண்டை, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில், விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்க்கிறோம். அச்சில் விழுந்த இலக்கம் நான்கும் ஒரே உயரத்தில், தளத்திலிருந்து நேராக எழுந்து நிற்கும். 3-ஐச் சுற்றி மட்டும் தளம் சுரண்டப்பட்டிருந்தாலோ, பளபளப்பு மாறியிருந்தாலோ, அதன் அடியில் மெல்லிய கோடு ஓடினாலோ, அந்தக் காசை நாங்கள் வாங்குவதில்லை.

வார்ப்பில் செய்த போலிகளைக் கண்டுபிடிப்பது இதைவிட எளிது. குதிரையின் பிடரியும் மீனின் செதில்களும் மழுங்கியிருக்கும், தளத்தில் ஊசிமுனை போன்ற குழிகள் தெரியும், விளிம்பு வரிகளுக்கு நடுவே இணைப்புக் கோடு ஓடும். யாழை நிமிர்த்திப் பிடித்துக் காசைப் பக்கவாட்டில் திருப்பினால் மறுபக்க உருவமும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் கூடுதல் கவனம் தேவை.

இவற்றுக்கு முந்திய 1804-ஆம் ஆண்டு ஆறு ஷில்லிங் வங்கி டோக்கன்களுக்கு (வங்கி வெளியிட்ட காசுகளுக்கு) வேறு அளவுகோல் வேண்டும். அவை பர்மிங்காமின் சோஹோ ஆலையில் ஸ்பானிய டாலர்களின் மேலேயே மறு அச்சு போடப்பட்டவை. ஆகவே அரசரின் உருவத்துக்கு அடியில் பழைய எழுத்தோ எண்ணோ மங்கலாகத் தெரிந்தால் அதைக் குறையாக எண்ணாதீர்கள். அது காசுக்கு ஆதரவான அடையாளமே.

காசைக் கொண்டுவரும் முன் விபூதியாலோ புளியாலோ பற்பொடியாலோ தேய்க்க வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறோம். பல ஆண்டுகளில் படிந்த கறுப்பும், இலக்கங்களின் ஓரத்து அழுக்கும் எங்களுக்குச் சாட்சி. தேய்த்தால் அந்தச் சாட்சியும் போகும், விலையும் குறையும். எடையும் தண்ணீர்ச் சோதனையும் உங்கள் கண்முன்னேயே செய்து, கண்டதை எழுத்தில் தருவோம். 1943 என்று ஆண்டு தாங்கிய காசுக்கு மட்டும், எங்கள் கருத்தோடு நிற்காமல், தனிப்பட்ட தரச்சான்று நிறுவனம் ஒன்றின் சான்றையும் பெற்ற பிறகே விலை பேசுவோம்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தினர்