மண்டியில் உறைந்த திரை

கிருஷ்ணகிரி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. மாங்காய் வரத்து இப்போதுதான் சற்றுத் தணிந்தது. அம்மா நலம், முழங்கால் வலிதான் விட்டபாடில்லை.

மண்டிக்கு எழுதிக் கொடுத்த பில் மென்பொருளைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதில் ஒரு பெரிய தவறு செய்துவிட்டேன். 'சேமி' பொத்தானை அழுத்தினால் பழைய பாக்கியைக் கழித்து, சர்வரில் பதிந்து, பில்லை அச்சிட வேண்டும். அத்தனையையும் திரையை வரைகிற திரெட்டின் (நிரலுக்குள் வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் இழையின்) தலையிலேயே கட்டியிருந்தேன். வீட்டில் நொடியில் முடிந்தது. மண்டியில் இணையம் இழுத்தடிக்க, திரை அசைவற்று நின்றது. அழுத்தியது பதியவில்லை என்று எண்ணிய கணக்குப்பிள்ளை மறுபடி இரண்டு முறை அழுத்தினார். அந்த அழுத்தல்கள் வரிசையில் காத்திருந்து ஒவ்வொன்றாக நிறைவேறின. பெங்களூரா மாங்காய் கொண்டுவந்த பெரியவர் ஒருவர் மூன்று தாள்களையும் விரித்துப் பிடித்து, "இதில் எதுப்பா என் கணக்கு?" என்று கேட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் எழுதியது, ஜாவா மொழியில் ஜன்னல், பொத்தான்களை வரையும் நூலகமான ஸ்விங்கில்; அதில் திரைக்கு ஒரே திரெட்தான். நேரம் பிடிக்கும் வேலையைப் பின்னணிக்குத் தள்ளும் ஸ்விங்வொர்க்கர், 2006இல் வந்த ஜாவா 6இலிருந்து அதனுடனேயே கிடைக்கிறது. அதைச் சேர்த்தும் திரை உறைந்தது! வேலையைத் தொடங்கிய மறுவரியிலேயே 'கெட்' (get) என்று விடை கேட்டிருந்தேன். விடை வரும்வரை திரைத் திரெட் அங்கேயே காத்துக் கிடந்தது. அந்த வரியை, வேலை முடிந்தபின் ஓடும் 'டன்' (done) பகுதிக்கு மாற்றினேன். அந்தப் பகுதி திரைத் திரெட்டில் ஓடுவதால் திரையில் தெரியும் அட்டவணையையும் அங்கிருந்தே திருத்துகிறேன். பின்னணியிலிருந்து அட்டவணையைத் தொடவே கூடாது. பத்து முறை சரியாக இருந்துவிட்டுப் பதினோராவது முறை குழப்பும்.

ஆனால் இரட்டை பில்லைத் தடுக்கத் திரெட் மட்டும் போதாது. இப்போது அழுத்தியதுமே பொத்தான் மங்கிவிடுகிறது. அனுப்பும் முன்பே பில்லுக்கு எண் கொடுத்துவிடுகிறேன். அதே எண் மீண்டும் வந்தால் சர்வர் ஏற்காது. 'ரத்து' பொத்தான் கேட்டார்கள், வைக்கவில்லை. சர்வருக்குப் போய்ச் சேர்ந்த பில்லை, இங்கே திரெட்டை நிறுத்துவதால் திரும்பப் பெற முடியாது. பொய்யான பொத்தானை விவசாயியின் பணத்தின்மேல் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நீ ஆண்ட்ராய்டில் வேலை செய்கிறாய். அங்கே தொடுதலுக்கு 5 விநாடி பதிலில்லை என்றால் செயலியை மூடலாமா என்று போனே கேட்டுவிடுகிறது. நெட்வொர்க் வேலையை அங்கே எப்படிப் பிரிக்கிறாய்? விரிவாக எழுது. நீலம் மாங்காய் இன்னும் வந்துகொண்டிருக்கிறது; ஆடி பிறப்பதற்குள் ஒரு நடை ஊருக்கு வா.

உன் பழைய அறைத்தோழன்