சீன எழுத்து எல்லாம் படம் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு சிறுவர் பக்கத்தில் சூரியன், மலை, மரம் என்று மூன்று படம் போட்டு, இதுதான் சீன எழுத்து, பார்த்தாலே அர்த்தம் புரிந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். என்னிடம் டியூஷன் வரும் பிள்ளைகள் அதை அப்படியே நம்பிவிட்டார்கள்.

தொடக்கம் படம்தான், அதில் தகராறு இல்லை. சீனாவின் ஆன்யாங் நகர்ப் பக்கம் கிடைத்த ஆமை ஓடுகளிலும் மாட்டுத் தோள் எலும்புகளிலும், சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன் ஷாங் வம்ச அரசர்கள் குறி கேட்ட கேள்விகள் கீறப்பட்டிருக்கின்றன. மழை வருமா, வேட்டை கிடைக்குமா, ராஜாவுக்குப் பல்வலி எந்த முன்னோரின் கோபத்தால் வந்தது, இப்படி. 1899-ல் வாங் யீரோங் என்ற அறிஞர் அவை எழுத்து என்று கண்டுகொள்ளும்வரை அந்த எலும்புகளை மருந்துக்கடையில் அரைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். எத்தனை அரசர்களின் கேள்விகள் நோயாளிகளின் வயிற்றுக்குள் போயினவோ!

அந்த எலும்பில் குதிரைக்குப் பிடரி, பெரிய கண், வால் எல்லாம் உண்டு. மேலிருந்து கீழாக எழுதியதால் தலை மேலே, வால் கீழே என்று செங்குத்தாக நிற்கும். கத்தியால் வட்டம் கீறுவது சிரமம், அதனால் சூரியன் கட்டமாகிப் போனது. பின்னாளில் தூரிகை எழுத்தில் குதிரையின் கால்கள் நான்கு புள்ளிகளாயின. 1956-ல் சீன அரசு எழுத்தைச் சுருக்கத் தொடங்கியபோது அந்தப் புள்ளிகளும் போய் ஒரே கோடு. இன்றைய எழுத்தைக் காட்டினால் குதிரையே நம்பாது.

சரி, 'வா' என்பதற்கு என்ன படம் போடுவது? அதே மாதிரி ஒலிக்கும் ஒரு பயிரின், கோதுமையின், படத்தை இரவல் வாங்கினார்கள். நாம் ஒரு நதியை வரைந்துவிட்டு, ஏழுக்கு முந்தைய 'ஆறு' என்று படித்தால் எப்படியோ அப்படி. இரவல் பெருகினால் குழப்பம் வருமே, அதனால் பக்கத்தில் பொருளைச் சொல்ல இன்னொரு துண்டைச் சேர்த்தார்கள். அம்மாவைக் குறிக்கும் எழுத்தில் பெண்ணும் குதிரையும் இருப்பது அதனால்தான். பெண் பொருளுக்கு; சீனத்தில் குதிரைக்கும் 'மா' என்றுதான் பெயர், அதனால் குதிரை அந்த ஒலிக்கு மட்டும். சீன எழுத்துகளில் 80 சதவீதத்துக்கு மேல் இந்த வகைதான். கி.பி. 100 வாக்கில் சூ ஷென் என்ற சீன அறிஞர் தொகுத்த அகராதியில் 9,353 எழுத்துகள், அவற்றில் நேரடிப் படம் சில நூறுதான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், எங்கள் கோத்தகிரி பக்கம் கரிக்கையூர் பாறை ஓவியங்களைப் பார்க்க வருகிறவர்களில் சிலர், 'சீனாக்காரன் படம் எழுத்தாச்சே, இதுவும் எழுத்துதான்' என்று அடித்துச் சொல்கிறார்கள். ஓவியங்கள் அருமையானவை, பழமையானவை, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் பாறையில் இருக்கும் மான், ஒரு சொல்லாக, ஓர் ஒலியாகப் படிக்கப்பட்டது என்று காட்டும்வரை மான்தான்.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் அந்த அம்மா எழுத்தையும் போட்டு விளக்குங்கள். பிள்ளைகளுக்குச் சூரியனைவிட அதுதான் பிடிக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோத்தகிரி