பிறந்தநாளை ஒளித்து வைக்காதே

பாப்பா,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுத்த வாரம் உன் பிறந்தநாள். போன வருஷம் மாதிரி நீ பாடம் எடுக்கும் அந்தத் தென்கொரியப் பள்ளியில் ஒருத்தரிடமும் மூச்சு விடாமல், சாயங்காலம் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, எங்களோடு வீடியோவில் அழுதுவிட்டுத் தூங்குவதென்றால் எனக்குச் சம்மதமில்லை. அங்கே எல்லாரும் சேதி அனுப்புகிற ககாவ்டாக் செயலியில் யாருக்குப் பிறந்தநாள் என்று தானாகவே காட்டுமாமே, அதையும் தேடிப்போய் அணைத்து வைத்திருக்கிறாய் என்று உன் தம்பி சொன்னான். இவ்வளவு மெனக்கெட்டு மறைத்துவிட்டு, அப்புறம் "யாருமே வாழ்த்தலைம்மா" என்றால் நான் என்னடி பதில் சொல்வது?

உன் கூச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. நவம்பர் வந்தாலே கொரியாவில் கல்லூரிக்குப் போக எழுதும் சுனுங் நுழைவுத் தேர்வுதான் எல்லாம். ஆங்கிலத்தில் காதால் கேட்டு எழுதும் பகுதி நடக்கும்போது அரைமணி நேரத்துக்கு மேல் விமானங்கள் ஏறவும் கூடாது இறங்கவும் கூடாது, பிள்ளைகள் நெரிசலில் மாட்டாமல் போய்ச் சேர அலுவலகங்களைக்கூடத் தாமதமாகத் திறக்கிறார்கள் என்று நீதானே சொன்னாய். இப்படி ஊரே பதறிக்கொண்டிருக்கும்போது வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு டீச்சர் எனக்குப் பிறந்தநாள் என்று எப்படிச் சொல்வது என்று நினைக்கிறாய். ஆனால் பரீட்சை மேல்நிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு. நீ பாடம் எடுப்பது முதலாம் ஆண்டுக்கு. அதுகளுக்கு ஒரு நாள் சிரிக்கச் சாக்குக் கிடைத்தால் போதும்.

அந்தக் கடற்பாசி சூப் விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது, மியோக்குக். பிறந்தநாள் காலையில் அதைக் குடிக்காமல் அங்கே யாரும் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லையாம், "சூப் குடிச்சியா" என்று கேட்பதே பாதி வாழ்த்து மாதிரி. அதே சூப்பைப் பரீட்சைக்கு முன்னால் தொடவே மாட்டார்கள், பாசி வழுக்குமாம், வழுக்கினால் தேர்வில் சறுக்கிவிடுவோமாம். அதற்குப் பதிலாகப் பிசுபிசுவென்று ஒட்டுகிற மிட்டாயும் ஒட்டரிசியில் செய்ததும் கொடுப்பார்களாம். உன் பிறந்தநாள் சரியாக அந்த வாரத்தில் வந்து விழுகிறது! நீ தாராளமாகக் குடிக்கலாம், நீ என்ன பரீட்சையா எழுதப்போகிறாய். ஆனால் ஒன்று, அந்த வழக்கத்தின் பின்னால் இருப்பது பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு தேற அந்தச் சூப்பைத்தான் கொடுப்பார்கள் என்பது. அம்மா அன்றைக்குக் குடித்ததைப் பிள்ளை ஒவ்வொரு வருஷமும் நினைத்துக் குடிக்கிறது. நியாயமாகப் பார்த்தால் அந்தக் கிண்ணம் எனக்கு வர வேண்டியது. பரவாயில்லை, என் பங்கையும் நீயே குடித்துவிடு.

பரிசு வாங்குவதில் மட்டும் கவனமாக இரு. 2016 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அந்த லஞ்சத் தடுப்புச் சட்டம், கிம் யங்-ரான் சட்டம் என்பார்களே, அது பள்ளி ஆசிரியர்களையும் பிடிக்கும், தனக்கு மதிப்பெண் போடுகிற டீச்சருக்கு ஒரு மாணவி ஒற்றைப் பூ கொடுப்பதுகூடச் சிக்கல். ஆசிரியர் தினத்தன்று வகுப்பின் சார்பில் ஒரு பிள்ளை எல்லார் முன்னாலும் கார்னேஷன் பூ கொடுத்தால் மட்டும் சரி என்று விட்டு வைத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் கேட்டபோது இது என்ன அநியாயம், ஒரு பூவில் என்ன லஞ்சம் இருக்கிறது என்றுதான் தோன்றியது. யோசித்தால், பூ கொண்டுவர முடிந்த பிள்ளையும் முடியாத பிள்ளையும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில்தானே உட்கார்ந்திருக்கிறது, சட்டம் சரிதான். கையால் எழுதிய கடிதத்துக்குத் தடை இல்லை. ஒரு பெரிய தாளில் வகுப்பே சுற்றிச் சுற்றி எழுதிக் கொடுக்குமாமே, ரோலிங் பேப்பர், அதை வாங்கிக்கொள். கேக் வேண்டுமென்றால் பிள்ளைகளிடம் காசு சேர்க்க விடாதே, நீ வாங்கு.

ஆசிரியர் அறைக்கு அது கூட வேண்டாம். யாருக்காவது நல்ல சேதி என்றால் தொக் என்கிற அரிசிப் பலகாரம் வாங்கி வந்து ஒவ்வொருவர் மேஜையிலும் வைப்பார்கள் என்றாய், கல்யாணமானாலும் சரி, குழந்தை பிறந்தாலும் சரி. இத்தனை நாளும் மற்றவர்கள் வைத்ததைத் தின்றுகொண்டு இருந்திருக்கிறாய்! இந்தத் தடவை நீ வை. எதற்கென்று கேட்பார்கள், பிறந்தநாள் என்று சொல், அவ்வளவுதான். உனக்கு மொழி போதவில்லை என்பதெல்லாம் இதற்குக் காரணமாகாது.

வயது கேட்டால் ஏன் முறைக்கிறாய் என்றும் தெரியவில்லை. பிறந்த உடனே ஒன்று, புத்தாண்டுக்கு இன்னொன்று என்று எண்ணி உன்னை இரண்டு வயது கூட்டிவிட்டார்கள் என்று புலம்பினாய். அந்தக் கணக்கைத்தான் 2023 ஜூன் 28 முதல் அரசு காரியங்களில் விட்டுவிட்டார்களே. வாய்ப்பழக்கம் அத்தனை சீக்கிரம் போகாது. அங்கே யார் மூத்தவர் என்று தெரியாமல் எந்த மரியாதையில் பேசுவது என்றே முடிவு செய்ய முடியாது, அதனால் கேட்கிறார்கள், வம்புக்காக இல்லை. பிறந்த வருஷத்தைச் சொல்லிவிட்டுப் போ.

இன்னொன்றும் யோசி. நீ வேலை பார்க்கும் நாட்டில் ஆசிரியர் தினம் மே 15, அது செஜோங் மன்னரின் பிறந்தநாள். சாதாரண ஜனங்களும் படிக்க வேண்டும் என்று எழுத்தையே புதிதாக உண்டாக்கி 1446இல் நாட்டுக்குக் கொடுத்தவர், அவரைவிட வாத்தியார் யார் என்று 1965இல் அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ராஜாவின் பிறந்தநாளையே டீச்சர்களுக்கு எழுதி வைத்த ஊரில், ஒரு டீச்சரின் பிறந்தநாளைப் பிள்ளைகள் தொந்தரவாக நினைக்கும் என்று நீ பயப்படுகிறாய் பார்.

நள்ளிரவில் நாங்கள் கூப்பிடப்போவதில்லை. உனக்குப் பன்னிரண்டு அடிக்கும்போது எங்களுக்கு எட்டரைதான், எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை, மறுநாள் முதல் பீரியடில் தூங்கி வழியப்போவது நீ. அப்பாவுக்கு இதில் வருத்தம்தான், நான் பேசிக்கொள்கிறேன். அன்றைக்குச் சாயங்காலம் அறையிலேயே கிடந்து எங்கள் போனுக்காகக் காத்திருக்காதே, உன்னோடு வேலை பார்க்கிறவர்களில் யாரையாவது கூட்டிக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிடு, ராத்திரி எந்நேரமானாலும் வந்து கூப்பிடு, எங்களுக்கு மூன்றரை மணி நேரம் மிச்சம் இருக்கும். தொக்கை முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டியிருக்கும், விசாரித்துக்கொள். ககாவ்டாக்கில் அணைத்து வைத்ததை இன்றைக்கே போட்டுவிட்டுத் தம்பிக்குச் சொல், அவன் சரிபார்த்து எனக்குச் சொல்வான்.

அம்மா