பெட்டியில் வந்த மஞ்சள் சட்டை

அன்புள்ள ஜெயந்தி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அடுத்த வரியிலேயே பிசியோதெரப்பியை நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, உன்னை என்ன செய்வது? தாதியாக இருந்தவள் சொல்கிறேன்: வலி குறைந்த பிறகுதான் அந்தப் பயிற்சியால் உண்மையான பலன். நான் இங்கே சிங்கப்பூரில், அங்கே ஈப்போவில் உன்னைக் கண்டிக்க ஆள் இல்லை என்ற துணிச்சல் உனக்கு.

என் மகள் கவிதா அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "யார் எடுத்துக் கொடுத்த சட்டை அது?" என்று கேட்டிருந்தாய். யார் என்று எனக்கே தெரியாது. நேரில் பார்த்திராத ஒருவர் தேர்ந்தெடுத்து, பெட்டியில் போட்டு அனுப்பிய சட்டை. இதற்குச் சந்தா கட்டுகிறார்கள் என்றால் நம்புவாயா?

ஓய்வு பெற்ற பிறகுதான் என் அலமாரியில் இருந்த ஓட்டை எனக்குத் தெரிந்தது. வேலைக்குச் சீருடை. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் புடவை. வீட்டில் நைட்டி. இந்த மூன்றை வைத்துக்கொண்டே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிவிட்டேன். இப்போது காலையில் நூலகத்துக்கோ, பேரனைப் பாலர் பள்ளியில் விடவோ கிளம்பினால் உடுத்திக்கொள்ள ஒன்றும் இல்லை. பழைய சுடிதார்கள் நான்கைந்து இருந்தன. அவற்றின் துப்பட்டாவை எங்கே வைத்தேன் என்று தேடுவதற்குள் பள்ளி மணி அடித்துவிடும். இந்தப் புலம்பலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன கவிதா, என் பிறந்தநாளுக்கு இந்தச் சந்தாவைப் பரிசாகக் கட்டிவிட்டாள்.

இது அமெரிக்காவில் பெருகிய வியாபாரம். கேத்ரினா லேக் என்ற பெண், ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே 2011இல் ஸ்டிச் ஃபிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். கணினி நம் பதில்களை அலசும். அதன் பிறகு ஆடை ஆலோசகர் ஒருவர் வழக்கமாக ஐந்து உருப்படிகளைப் பொறுக்கி அனுப்புவார். வீட்டிலேயே போட்டுப் பார்த்து, பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பலாம். ஆலோசனைக் கட்டணம் 20 டாலர். ஏதாவது ஒன்றை வாங்கினால் அதை விலையில் கழித்துக்கொள்வார்கள். 2017இல் பங்குச் சந்தைக்கே போய்விட்டது நிறுவனம். எல்லா ஊரிலும் இது எடுபடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: பிரிட்டனில் 2019இல் கடை விரித்தவர்கள் 2023இல் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு அனுப்பியது அவர்கள் அல்ல, அதே விதிகளை அப்படியே எடுத்துக்கொண்ட வேறொரு கடை. பெயர் வேண்டாம், ஏனென்றால் அவர்களைக் கொஞ்சம் திட்டப்போகிறேன்.

முதலில் அந்தப் படிவம். உயரம் என்ன, எடை என்ன, தோள் அகலமா, இடுப்பு அகலமா? எத்தனையோ பெண்களிடம் இதையெல்லாம் நான் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் கேட்டு எழுதியிருக்கிறேன். அவர்கள் ஏன் குரலைத் தாழ்த்திப் பதில் சொன்னார்கள் என்பது, திரைக்கு எதிரே உட்கார்ந்து என் எடையைத் தட்டும்போதுதான் புரிந்தது. அடுத்து, உடம்பில் எந்தப் பகுதி தெரிய வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்று ஒரு கேள்வி. ஜெயந்தி, நம்மை யாராவது இப்படிக் கேட்டிருக்கிறார்களா? எதை மறைக்க வேண்டும் என்பதை மற்றவர்கள்தானே நமக்குச் சொன்னார்கள்! நான் நெடுநேரம் யோசித்து, கை தெரியலாம், முழங்கைக்கு மேலே வேண்டாம் என்று குறித்தேன். எந்த நிகழ்வுகளுக்கு ஆடை வேண்டும் என்ற இடத்தில் அலுவலகம், விருந்து, பயணம், காதலருடன் இரவு உணவு எல்லாம் இருந்தன. கோயில் இல்லை. சாவு வீடு இல்லை. நம் வயதில் மாதம் தவறாமல் போகிற இடங்கள் அவைதானே.

அளவு எண்ணைக் கேட்டதும் திகைத்தேன். ஒரு கடையில் நான் பத்து, இன்னொன்றில் பதினான்கு, முஸ்தஃபா கடையில் வாங்கிய சட்டையில் எக்ஸ்எல். இது ஏன் இப்படி என்று தேடிப் பார்க்க, ஓய்வில் இருப்பவளுக்கு நேரமா இல்லை? 1939, 1940 ஆண்டுகளில் அமெரிக்க வேளாண் துறை ஏறத்தாழ 15,000 பெண்களை நிற்க வைத்து, ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் எடுத்திருக்கிறது. கணக்கில் சேர்த்துக்கொண்டது வெள்ளைக்காரப் பெண்களை மட்டும். அந்தக் கணக்கை அடிப்படையாக வைத்து 1958இல் அரசே ஓர் அளவுத் திட்டம் வெளியிட்டது. 1983இல் அதையும் கைவிட்டுவிட்டது. அதற்குப் பிறகு அவரவர் இஷ்டம். வாங்குகிறவளின் மனம் குளிரட்டும் என்று பெரிய உடுப்பிலும் சிறிய எண்ணை ஒட்டுகிறார்கள். நம் தேக்கா சந்தைத் தையற்காரருக்கு எந்த எண்ணும் தேவையில்லை. ஓர் அளவு ரவிக்கையைக் கொடுத்தால் போதும். அந்தப் படிவத்தில் ரவிக்கையைச் செருகி அனுப்ப வழி இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பெட்டி எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள பார்சல் பெட்டகத்துக்கு வந்து சேர்ந்தது. மேலே ஒரு சீட்டு, 'அன்பு மல்லிகா' என்று கையால் எழுதியதுபோல அச்சடித்திருந்தார்கள். உள்ளே ஐந்து உருப்படிகள். கருநீலக் கால்சட்டை, இடுப்பில் எலாஸ்டிக், 75 சிங்கப்பூர் வெள்ளி. சாம்பல் நிறத்தில் மெல்லிய பின்னல் மேலங்கி, 59 வெள்ளி. நூலகத்தின் குளிருக்கு உதவும் என்று பார்த்தவுடனே தோன்றியது. கறுப்பு நீளச் சட்டை ஒன்று, 58 வெள்ளி, என்னிடம் இருப்பது போலவே. பிறகு ஒரு கவுன், 89 வெள்ளி. அதற்குக் கை இல்லை! முழங்கைக்கு மேலே வேண்டாம் என்று அவ்வளவு யோசித்துக் குறித்ததை யார் படித்தார்களோ. போதாததற்கு உள்ளே பாலியெஸ்டர் லைனிங். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஊரில் அதை உடுத்திக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும், அவித்து எடுத்த இட்லிதான்.

ஐந்தாவது, நீ படத்தில் பார்த்த சட்டை. லினன் துணி, தொளதொளவென்று, 69 வெள்ளி. நிறம் கடுகு மஞ்சள்.

பார்த்ததும் தனியே எடுத்து வைத்தேன், திருப்பி அனுப்புவதற்கு. "மஞ்சள் நமக்கு எடுக்காது" என்ற அம்மாவின் குரல் இன்னும் என் அலமாரிக்குள் குடியிருக்கிறது. உனக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு தீபாவளிக்கும் சிராங்கூன் சாலையில் கடை கடையாக ஏறுவோம். உனக்கு எலுமிச்சை மஞ்சள், கிளிப்பச்சை என்று எடுப்பார்கள். எனக்குக் காபிக்கொட்டை நிறம், இல்லாவிட்டால் மங்கலான ஊதா. "கறுத்த பிள்ளைக்கு அடிக்கிற நிறம் போட்டால் இன்னும் கறுப்பாகக் காட்டும்" என்று கடைக்காரரே அம்மாவுக்கு எடுத்துக் கொடுப்பார். நீ அந்த மஞ்சள் பாவாடையை ஒருநாள் எனக்குக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னாய். உன் பாட்டி பார்த்துச் சிரித்தார் என்பதும் நினைவிருக்கிறதா? நான் உன்மேல் ஒருபோதும் வருத்தப்பட்டதில்லை. பாவாடைமேல்தான் வருத்தம். வளர்ந்து சம்பாதித்த பிறகும் நானே என் பணத்தைக் கொடுத்துக் காபிக்கொட்டை நிறத்தையே வாங்கிக்கொண்டிருந்தேன். கல்யாணத்தன்று கழுத்தில் ஏறிய கயிறு மட்டும்தான் மஞ்சள். அது எல்லா நிறத்துக்கும் எடுக்கும் போலிருக்கிறது.

கவிதாதான் விடாப்பிடியாக நின்றாள். எல்லாவற்றையும் ஒருமுறை போட்டுக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பரிசு கொடுத்ததற்கு என்ன அர்த்தம் என்றாள். போட்டேன். கண்ணாடி முன்னால் போனேன். ஜெயந்தி, நன்றாக இருந்தது. கறுப்பாகக் காட்டியதா என்றால், ஆமாம், நான் கறுப்புதானே, அப்படியேதான் காட்டியது. முகம் தெளிந்து, தலையில் உள்ள நரைகூட அதற்குத் தோதாக இருந்தது. இவர் பத்திரிகையிலிருந்து நிமிர்ந்து பார்த்து, "புதிதா?" என்றார். அவர் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வருவதே பெரிய பாராட்டு என்று உனக்குத் தெரியும்.

நம்மை நன்றாகத் தெரிந்தவர்கள்தான் நமக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா, நாத்தனார், கடைக்காரர் எல்லாருக்கும் என்னை நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர்கள் கை அந்த மஞ்சள் பக்கம் போகவே இல்லை. இந்த ஆலோசகர் யாரோ, மனிதர்தானா முழுக்கக் கணினியா என்பதுகூடத் தெரியாது, அவருக்கு நம் வீட்டுச் சட்டம் எதுவும் தெரியாது. படிவத்தில் என் தோலின் நிறம் என்ன என்று ஒரு கேள்வி இல்லை. அறியாமையால் அனுப்பிவிட்டார். அதே அறியாமைதான் கையில்லாத கவுனையும் அனுப்பியது என்பதால் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

நாத்தனார் வந்தார். சட்டையைப் பார்த்தார். "மஞ்சளா?" என்றார். "ஆமாம்" என்றேன். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. இத்தனை எளிதா இது என்று எனக்கு வியப்பு.

இனி, திட்டும் பகுதி. ஐந்தையும் வைத்துக்கொண்டால் 25 விழுக்காடு தள்ளுபடி. மொத்த விலை 350 வெள்ளி. தள்ளுபடி போக 262.50. கவுனை மட்டும் திருப்பி அனுப்பினால் தள்ளுபடி கிடையாது, ஆகவே 261. "ஒன்றரை வெள்ளிக்கு ஒரு கவுன் அம்மா!" என்று கவிதா துள்ளினாள். கணக்கு என்னவோ சரிதான். அந்தக் கணக்கு சரியாக வரவேண்டும் என்றுதான் விலையையே வைத்திருக்கிறார்கள். உடுத்தாத கவுன் ஒன்றரை வெள்ளிக்கு வந்தாலும் உடுத்தாத கவுன்தான். கொஞ்ச காலம் அலமாரியில் தொங்கும், பிறகு குப்பைச் சரிவாயில் போகும். இங்கே 2022இல் சேர்ந்த துணி, தோல் கழிவில் மறுபயனீட்டுக்குப் போனது 2 விழுக்காடுதான். மிச்சமெல்லாம் எரித்துச் சாம்பலாகிச் செமாக்காவ் தீவில் கொட்டப்படுகிறது. அதனால் கவுனையும், ஏற்கெனவே இருப்பது போலவே இருந்த கறுப்புச் சட்டையையும் திருப்பிவிட்டேன். மூன்றுக்கு 203 வெள்ளி, ஆலோசனைக் கட்டணம் 20 வெள்ளியைக் கழித்தால் 183. தேக்காவில் இதே பணத்துக்கு எத்தனை வாங்கியிருக்கலாம் என்று நீ கேட்பாய். கேட்காதே.

சந்தாவை நிறுத்துவதுதான் பெரும் பாடு. சேரும்போது ஒரே பொத்தான். விலகுவதற்கு, ஏன் போகிறீர்கள், ஒரு மாதம் ஓய்வு எடுத்துக்கொள்கிறீர்களா, அடுத்த பெட்டிக்குச் சலுகை தரட்டுமா என்று விருந்துக்கு வந்தவளை வாசலில் மறிப்பது போல ஒவ்வொரு பக்கத்திலும் மறித்தார்கள். கடைசியில் யாரோ ஒருவருடன் தட்டச்சில் பேசித்தான் விடுபட முடிந்தது. கவிதாவுக்குச் சிறிது ஏமாற்றம். ஆனால் மாதம் ஐந்து உருப்படி வந்துகொண்டே இருந்தால் எந்த மூன்றறை வீடு தாங்கும்?

கருநீலக் கால்சட்டை கணுக்காலுக்குக் கீழே இறங்கியதால் தேக்கா மேல்மாடிக்கு எடுத்துப் போனேன். நம் தையற்காரர் இன்னும் அதே இயந்திரத்தில் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடி மட்டும் தடித்திருக்கிறது. மடித்துத் தைத்துக் கொடுத்தார். மஞ்சள் சட்டையின் மாதிரியிலேயே இன்னும் இரண்டு தைக்க முடியுமா என்று கேட்டதற்கு, "லினன் கொண்டு வாருங்கள் அக்கா, பார்க்கலாம்" என்றார். பச்சை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், அந்தக் கிளிப்பச்சை.

மற்றபடி இங்கே எல்லாரும் நலம். கவிதா வேலை மாறப்போகிறாள், உறுதியானதும் அவளே உனக்குச் சொல்வாள். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, தீபாவளிவரை.

தீபாவளிக்கு நீ வருவதாகச் சொன்னது நிச்சயம்தானே? தையற்காரர் பண்டிகைக்கு வெகு முன்பே புதிய துணி வாங்குவதை நிறுத்திவிடுகிறார். யாராவது சிங்கப்பூருக்கு வந்தால் உன் அளவு ரவிக்கையை அவர்களிடம் கொடுத்தனுப்பு. உடம்பு இளைத்திருந்தால் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை ஒரு சீட்டில் எழுதி ஊசி குத்தி வை. துணியை நான் எடுத்து வைக்கிறேன். நிறம் என்ன வேண்டும் என்று மட்டும் எழுதாதே.

அன்புடன்,
மல்லிகா