ஏவ்பரி பாரிஷ்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் இருக்கும் நம் ஊரில் பழைய வீட்டுச் சுவர் பலவற்றில், ஊரைச் சூழ்ந்த வரலாற்றுக்கு முந்தைய கல்வட்டத்தின் சார்சன் என்ற கடினமான மணற்கல் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கற்களை எப்படி உடைத்தார்கள் என்பதை 1720களில் இங்கே வந்த தொல்பொருள் ஆர்வலர் வில்லியம் ஸ்டக்லி எழுதிவைத்திருக்கிறார். கல்லைக் குழியில் சாய்த்து, வைக்கோல் போட்டு எரித்து, சூடேறியதும் உடைய வேண்டிய கோட்டில் தண்ணீர் ஊற்றி, சம்மட்டியால் அடிப்பார்கள். நெருப்பும் தண்ணீரும் இன்றும் நமக்குத் தலைவலிதான்.

முதலில் நெருப்பு. மேற்குக் கென்னட் நெடுங்கல்லறை கி.மு. 3650 வாக்கில் கட்டப்பட்டது; சுமார் 100 மீட்டர் நீளம். அதன் அறைகளுக்குள் வழிபடுவோர் சின்னத் தகரக் கிண்ண மெழுகுத்திரிகளை ஏற்றிக் கல்விளிம்பில் வைக்கிறார்கள். கரி படிகிறது, மெழுகு கல்லுக்குள் இறங்குகிறது. சூடு ஒரே இடத்தில் விழுவதால் கல்லின் மேல்தோல் செதிலாகப் பெயரவும் கூடும். தன்னார்வலர்கள் கிண்ணங்களை மட்டும் எடுத்துவாருங்கள். மெழுகைக் கத்தியால் சுரண்டாதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் அனுமதியின்றிக் கைவைப்பது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அப்படித்தான். உலோகங்காட்டிக் கருவியோடு யாராவது வந்தால் வாக்குவாதம் வேண்டாம், நேரத்தையும் இடத்தையும் குறித்துத் தகவல் கொடுங்கள்.

அடுத்தது கால்கள். வட்டத்தைச் சூழ்ந்த மேடு சுண்ணப்பாறை; அதன் மேல் இருப்பது மெல்லிய புல்தோல். எல்லோரும் ஒரே தடத்தில் ஏறினால் புல் தேய்ந்து வெள்ளை தெரியும், அடுத்த மழையில் தடமே வாய்க்காலாகிவிடும். தடம் வெளுத்தவுடன் கயிறு கட்டி ஓய்வு விடுவதே மலிவான வைத்தியம். வாய்க்கால் விழுந்த பிறகு மண் நிரப்பி விதைக்க வேண்டியிருக்கும். வரலாற்றுக்கு முந்தைய மனிதர் எழுப்பிய சில்பரி மேட்டில் ஏற அனுமதி கேட்பவர்களுக்கு 2000ஆம் ஆண்டைச் சொல்லுங்கள். 1776இல் உச்சியிலிருந்து தோண்டிய துளை அந்த ஆண்டு மே மாதம் உள்வாங்கியது. 2007இல் பழைய சுரங்கங்களுக்குள் சுண்ணக்கல்லை அடைத்துத்தான் மேட்டை நிலைப்படுத்தினார்கள்.

வழிகாட்டிகளுக்கு ஒரு திருத்தம். 1938இல் ஒரு கல்லுக்கடியில் கத்தரிக்கோலும் 14ஆம் நூற்றாண்டு நாணயங்களும் வைத்திருந்த ஒருவரின் எலும்புக்கூடு கிடைத்தது. கல் நசுக்கிச் செத்தவர் என்று சொல்லாதீர்கள். எலும்புகளைப் பின்னால் மறுபடி ஆராய்ந்தபோது அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கதை போனால் கூட்டம் முகம் சுளிக்கும், பரவாயில்லை. குட்டையான கான்கிரீட் தூண்கள், காணாமல் போன கற்களுக்கு அடையாளமாகத் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கெய்லர் 1930களில் நட்டவை. இதையும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

புனித ஜேம்ஸ் தேவாலயத்தில் எங்கள் கவலை மழைநீர். பலிபீடப் பகுதியின் முகப்பில் இருக்கும் 15ஆம் நூற்றாண்டு மர மேடை, 16ஆம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தக் காலத்தில் சுவருக்குப் பின்னால் மறைக்கப்பட்டு 1810இல் வெளிப்பட்டது. ஈரம் ஏறினால் மரவண்டு பின்னாலேயே வரும். கூரைத் தாழ்வாரக் குழாய்களை இலை உதிர்ந்து முடிந்த நவம்பர் கடைசியில் ஒருமுறையும் வசந்தத்தில் ஒருமுறையும் சுத்தம் செய்ய வேண்டும்; அக்டோபரில் செய்தால் பாதி வேலை வீண். சுவர்ப்பூச்சைத் தொடுவதானால் முதலில் சாலிஸ்பரி திருமண்டலத்தைக் கேட்டாக வேண்டும்.

வீட்டுச் சுவர் வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடம். சார்சன் நீரை உறிஞ்சாது, குளிரில் உட்புறம் வியர்க்கும். ஈரம் வெளியேற இருக்கும் ஒரே வழி இணைப்புகள். அதைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பழைய இணைப்பை அதன் அகலத்தைப் போல் இரு மடங்கு ஆழத்துக்குச் சுரண்டி, நீரியல் சுண்ணாம்பு 1 பங்கு, கூர்மணல் 2.5 பங்கு கலந்து பூசவும். 5 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் தொடவே வேண்டாம். பூசிய இடத்தை நனைந்த சாக்கால் மூடி வையுங்கள்.

கல்வட்டத்துக்குள்ளேயே நிற்கும் ரெட் லயன் பப், 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம். உள்ளே கிணற்றுக்கு மேல் கண்ணாடி போட்டு மேசையாக்கியிருக்கிறார்கள். வைக்கோல் கூரையின் முகட்டை 10 முதல் 15 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முகடு போனால் கீழ்க்கூரையும் அழுகும். ஊர் பப் ஒன்று விலைக்கு வந்தால் என்ன செய்வது என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி, உள்ளூர் வாக்காளர் குறைந்தது 21 பேர் சேர்ந்த குழு, சமூகச் சொத்தாகப் பதியக் கோரலாம். பதிவானால் விற்பனையை ஆறு மாதம் வரை நிறுத்தி வைத்துப் பணம் திரட்ட நேரம் கிடைக்கும். ஆனால் நமக்கே விற்க வேண்டும் என்று உரிமையாளரை அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தாது.

குளிர்கால நடைக்கு ஒரு குறிப்பு. வின்டர்போர்ன் ஓடை கோடையில் வறண்டு, மழைக்குப் பின் சில்பரி ஓரப் பாதையை மூழ்கடிக்கும். ரப்பர் பூட்ஸ் இல்லாமல் வராதீர்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். நவம்பர் ஏணி வேலைக்கு ஆள் தேவை; பெயர்களைக் கூட்டம் முடிந்ததும் என்னிடம் கொடுங்கள்.

செயலாளர்